பத்து டிகிரி உயரத்தில் துருவம்

(பண்ணைப்புரத்தில் மாணவர்கள், ஆசிரியர்கள், வான்படம் எடுப்பதில் ஈடுபாடுள்ளோர் முன்னிலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வானத்தைப் படமெடுக்க ஆசைப்பட்டு ஸ்டார் டிராக்கர் வாங்கும் இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "போனில் செயலி காட்டின திசையிலதான் வச்சேன், அப்புறமும் நட்சத்திரம் ஏன் கோடு கோடா விழுது?" இந்த ஒரு கேள்விக்கு முழுசாகப் பதில் சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன். கருவியோடு வரும் கையேடுகளும் விளக்கக் காணொளிகளும் பெரும்பாலும் நாற்பது, ஐம்பது டிகிரி அட்சரேகையில் வாழ்கிறவர்கள் தங்களுக்காகச் செய்துகொண்டவை. அவர்களுக்குத் துருவ நட்சத்திரம் நடுவானத்தில் பளிச்சென்று நிற்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் அது தென்னந்தோப்புக்குப் பின்னால் கிடக்கிறது. அவர்கள் செய்முறையை அப்படியே இங்கே செய்தால் சரியாக வராது. நம் ஊருக்கு ஏற்ற செய்முறையை நாம்தான் உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

முதலில் அடிப்படை. பூமி தன் அச்சில் ஒரு முழுச் சுற்று முடிக்க 23 மணி 56 நிமிடம் 4 விநாடி ஆகிறது. அதனால் வானம் மணிக்கு 15 டிகிரி மேற்கே நகர்வதாக நமக்குத் தெரிகிறது. 50 மி.மீ. லென்ஸ் போட்ட கேமராவைப் பத்து விநாடிக்கு மேல் திறந்துவைத்தால் நட்சத்திரம் நீளத் தொடங்கிவிடும். 200 மி.மீ. லென்ஸுக்கு இரண்டரை விநாடிதான் கெடு. ஓரியன் நெபுலாவின் மங்கலான சிறகுகள் பதிவாக நிமிடக்கணக்கில் ஒளி சேர வேண்டும். அதற்காகத்தான் டிராக்கர். உள்ளே ஒரு சிறு மோட்டார். பூமி கிழக்கே திரும்பும் அதே வேகத்தில் அது கேமராவை மேற்கே திருப்புகிறது. இந்தத் திருப்பல் பூமியின் திருப்பலைச் சரியாக ஈடுகட்ட வேண்டுமானால், டிராக்கரின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருந்தாக வேண்டும். போலார் அலைன்மென்ட் என்று சொல்வது இதைத்தான். மோட்டார் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அச்சு கோணலாக இருந்தால் படமும் கோணல்தான்.

துருவத்தின் உயரம் ஊரின் அட்சரேகைக்குச் சமம் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். பண்ணைப்புரத்தின் அட்சரேகை பத்து டிகிரிக்குச் சற்றுக் குறைவு. வடக்கே பார்த்து நின்று, கையை முழுதாக நீட்டி, முஷ்டியின் அடிப்பகுதி அடிவானத்தைத் தொடும்படி பிடியுங்கள். முஷ்டியின் மேல் விளிம்புதான் ஏறத்தாழப் பத்து டிகிரி. துருவம் அங்கேதான் இருக்கிறது; அதற்கு மேலே தேடிப் பயனில்லை.

இவ்வளவு தாழ்ந்து இருப்பதால் இடம் தேர்வதில் ஒரு கணக்கு வருகிறது. வடக்கே நிற்கும் எதுவும் தன் உயரத்தைப்போல ஆறு மடங்கு தூரத்துக்குள் இருந்தால் துருவத்தை மறைத்துவிடும். 15 மீட்டர் தென்னை மரம் என்றால் 90 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். தரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் எழுந்து நிற்கும் மலை என்றால் ஆறு கிலோமீட்டர். மலையடிவாரம் இருட்டாக இருக்கிறதே என்று மேற்கே ஒதுங்கிப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இருட்டு கிடைக்கும், வடக்கே வளைந்து வரும் முகடு துருவத்தை விழுங்கிவிடும். அறுவடை முடிந்த வயலும், நீர் வற்றிய கண்மாயின் தென்கரையும் நமக்கு நல்ல இடங்கள். கண்மாயின் அகலமே வடக்குத் திசையில் தேவையான வெட்டவெளியைத் தந்துவிடுகிறது.

மரமே இல்லாவிட்டாலும் காற்று இருக்கிறது. தலைக்கு நேர் மேலே இருக்கும் நட்சத்திரத்தின் ஒளி கடக்கும் காற்றைவிட, பத்து டிகிரி உயரத்து நட்சத்திரத்தின் ஒளி ஐந்தரை மடங்கு அதிகக் காற்றைக் கடந்து வருகிறது. தூசும் ஈரப்பதமும் வடிகட்டியது போக மிஞ்சுவதுதான் நம் கண்ணுக்கு வருகிறது. துருவ நட்சத்திரம் இயல்பில் இரண்டாம் ஒளித்தரத்து நட்சத்திரம். இங்கே நல்ல இரவிலும் அது மூன்றரை அளவுக்கு மங்கித் தெரியும். ஊர் விளக்கின் வெளிச்சம் வடக்கே இருந்தால் வெறுங்கண்ணுக்குத் தட்டுப்படாமலே போகலாம். அதனால் பைனாகுலர் ஒன்று கையில் இருப்பது நல்லது.

இன்னொன்று: துருவ நட்சத்திரம் துருவத்தில் இல்லை. இப்போது அது துருவத்திலிருந்து டிகிரியில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாக விலகி இருக்கிறது. முழு நிலாவின் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். அந்த விலகலோடு அதுவும் நாளுக்கு ஒருமுறை துருவத்தைச் சுற்றி வருகிறது. நவம்பர் நடுவில், நள்ளிரவை ஒட்டி, அது துருவத்துக்கு நேர் மேலே ஏறி நிற்கும். நமக்குப் பத்தரை டிகிரி. பால்வீதியின் மையம் ஏறிவரும் மே மாத நள்ளிரவில் துருவத்துக்குக் கீழே இறங்கிவிடும். ஒன்பதே கால் டிகிரி. படம் எடுக்க எல்லோரும் ஆசைப்படும் பருவத்தில்தான் அது நமக்கு மிகத் தாழ்ந்து போகிறது.

இந்த இடத்தில்தான் செயலி உள்ளே வருகிறது. போலார் ஸ்கோப் அலைன், போலார் ஃபைண்டர், போட்டோபில்ஸ் என்று பல உண்டு. டிராக்கர் நிறுவனங்களே தரும் செயலிகளும் உண்டு. பெயர் எதுவானாலும் வேலை இரண்டுதான். ஒன்று கணக்குப் போடுவது. மற்றொன்று திசையையும் சாய்வையும் உணர்ந்து சொல்வது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததுதான் நம் இளைஞர்கள் படும் பாட்டுக்கெல்லாம் காரணம் என்பது என் திடமான கருத்து. கணக்கில் போன் பிசகாது. உணர்வதில் பிசகும்.

கணக்கை எடுத்துக்கொள்வோம். ஜி.பி.எஸ். இடத்தைச் சொல்லிவிடுகிறது, நேரம் போனிலேயே இருக்கிறது. இந்த இரண்டையும் வைத்து, இந்த நிமிடத்தில் துருவ நட்சத்திரம் துருவத்தைச் சுற்றிய வட்டத்தில் எங்கே நிற்கிறது என்று செயலி கடிகார முகத்தில் ஒரு புள்ளியாகக் காட்டுகிறது. மாசி பிறந்த சமயம், இரவு எட்டேகால் மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறுங்கண்ணால் பார்த்தால் துருவ நட்சத்திரம் துருவத்துக்கு மேலே இடப்பக்கமாக, கடிகாரத்தில் பத்தேமுக்கால் காட்டும் இடத்தில் இருக்கும். டிராக்கரின் அச்சுவழியே துருவத்தைப் பார்க்க உதவும் சிறு தொலைநோக்கியான போலார் ஸ்கோப், பிம்பத்தைத் தலைகீழாகக் காட்டும் வகையாக இருந்தால் அதே நட்சத்திரம் நாலேமுக்காலில் தெரியும். செயலியின் அமைப்பில் தலைகீழ்ப் பிம்பமா, நேர்ப் பிம்பமா என்று தேர்வு செய்ய வேண்டிய இடம் உண்டு. அதைத் தப்பாக விட்டால் துருவத்தின் மறுபக்கம் வைத்துவிடுவீர்கள். ஒன்றேகால் டிகிரி பிசகு.

இந்தக் கணக்கின் அருமை தெரிய வேண்டுமானால் பழைய ஆட்கள் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும். 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து வில்லியம் லாம்டன் தொடங்கிய பெரும் நில அளவைக்கு உண்மையான வடக்கு தேவைப்பட்டது. அப்போது துருவ நட்சத்திரம் துருவத்திலிருந்து ஒன்றே முக்கால் டிகிரி விலகியிருந்தது. அது கிழக்கிலோ மேற்கிலோ அதிகபட்ச விலகலைத் தொடும் நேரத்துக்காக இரவில் காத்திருந்து, தியோடலைட்டால் அளந்து, அட்டவணை பார்த்துத் திருத்தம் போட்டுத்தான் அவர் திசையை நிறுவினார். அந்த அட்டவணையும் திருத்தமும் இன்றைக்கு உங்கள் சட்டைப் பையில் இருக்கின்றன. போனின் இந்தப் பாதியை முழுதாக நம்பலாம்.

இனி மறுபாதி. போனில் திசைகாட்டிக்காக ஒரு காந்த உணரி இருக்கிறது. அது சொல்லும் வடக்கு இரண்டு, மூன்று டிகிரி பிசகுவது மிகச் சாதாரணம். மடித்து மூடும் போன் உறைகளின் மூடியில் காந்தம் இருக்கிறது. முதலில் அந்த உறையைக் கழற்றுங்கள். பைக்கை டிரைபாட் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். டிராக்கரின் மோட்டாரும் கேமராவும்கூடத் திசைகாட்டியை இழுக்கும். இந்தப் பள்ளத்தாக்கில் கூடுதலாக ஒன்று: திராட்சைத் தோட்டம். பந்தலுக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாக ஓடும் இரும்புக் கம்பி வலையின் கீழே நின்று திசை பார்த்தால் பத்தடிக்கு ஒரு வடக்கு காட்டும்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. உணரிகளின் அளவைக் காட்டும் இலவசச் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு, காந்தப்புல மொத்த அளவைப் பாருங்கள். நம் வட்டாரத்தில் அது 40 மைக்ரோடெஸ்லாவை ஒட்டி இருக்க வேண்டும். 55, 60 என்று ஏறினால் பக்கத்தில் இரும்போ காந்தமோ இருக்கிறது என்று பொருள். நடந்து விலகிப் போங்கள். எண் 40-க்கு இறங்கி நிலைக்கும் இடத்தில் நின்று திசை பாருங்கள். அங்கிருந்து நேர் வடக்கே தொலைவில் ஏதாவது ஓர் அடையாளத்தை, ஒற்றைப் பனையையோ மலைமேல் ஒரு விளக்கையோ, குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே இடத்தில் டிரைபாடை நிறுத்தி டிராக்கரை அந்த அடையாளத்துக்கு நேராகத் திருப்புங்கள். போனை டிராக்கரின் முதுகில் ஒட்டிவைத்துத் திசை பார்ப்பதைவிட இது எத்தனையோ மேல்.

இதில் நம் நிலத்துக்கு இயற்கை கொடுத்த ஒரு சாதகமும் உண்டு. காந்த நடுக்கோடு தென் தமிழ்நாட்டின் வழியே, திருநெல்வேலிக்கு அருகே செல்கிறது. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் அங்கே ஆய்வகம் வைத்திருப்பதற்கு அதுவே காரணம். காந்த நடுக்கோட்டை ஒட்டிய இடங்களில் பூமியின் காந்தப்புலம் தரைக்குக் கிடையாக ஓடுகிறது. இங்கிலாந்தில் அது தரைக்குள் மிகுந்த சாய்வோடு பாய்வதால் திசைகாட்ட உதவும் கிடைப்பகுதி நம்மிடம் இருப்பதில் பாதிதான். அதனால் இடையூறு இல்லாத இடத்தில் நம் திசைகாட்டி அவர்களுடையதைவிட உறுதியாக நிற்கும். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் இடையே நம் பகுதியில் உள்ள வேறுபாடும் சிறியது, ஒன்றிரண்டு டிகிரி மேற்கே. போனின் அமைப்பில் உண்மை வடக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அதைப் போனே கழித்துக்கொள்ளும்.

சாய்வு அளப்பதில் போன் பரவாயில்லை. டிராக்கரின் தட்டையான பக்கத்தில் ஒட்டிவைத்தால் அரை டிகிரிக்குள் சொல்லிவிடும். சமதளமான மேசையில் முதலில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கேமரா முகடு தூக்கிக்கொண்டிருக்கும் போன்களைப் படுக்கவைத்துப் பார்த்தால் அளவு கெடும், விளிம்பை வைத்துப் பாருங்கள்.

சரி, இரண்டு டிகிரி பிசகினால் என்ன ஆகிவிடும்? இதை எண்ணிக்கையில் பார்ப்பதுதான் நல்லது. அச்சு ஒரு டிகிரி கோணலாக இருந்தால், மோசமான நிலையில் நட்சத்திரம் நிமிடத்துக்கு 16 ஆர்க் விநாடி நகரும். பரவலாகப் புழங்கும் கேமராக்களில் ஒரு பிக்சல் 4 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். 24 மி.மீ. லென்ஸில் ஒரு பிக்சல் 34 ஆர்க் விநாடியைப் பிடிக்கிறது. ஆக, ஒரு டிகிரி கோணலோடு இரண்டு நிமிடம் எடுத்தாலும் நகர்வு ஒரு பிக்சலுக்குள் அடங்கிவிடும். 200 மி.மீ. லென்ஸில் ஒரு பிக்சல் வெறும் 4 ஆர்க் விநாடி. அதே இரண்டு நிமிடத்தில் ஏழெட்டு பிக்சல் இழுபட்டுவிடும். அங்கே ஒரு பிக்சலுக்குள் நிறுத்த வேண்டுமானால் அச்சின் பிசகு டிகிரியில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். அகன்ற லென்ஸோடு பால்வீதி எடுக்கிறவருக்குப் போன் போதும்; துருவ நட்சத்திரம் தெரியாவிட்டாலும் கவலையில்லை. ஆண்ட்ரோமெடாவையும் ஓரியன் நெபுலாவையும் நெருங்கிப் பிடிக்க நினைக்கிறவருக்குப் போனின் திசைகாட்டி தொடக்கம் மட்டும்தான். நட்சத்திரம் ஏன் கோடாக விழுகிறது என்று கேட்டவர்கள் அநேகமாக எல்லோருமே இந்த இரண்டாம் வகை.

போலார் ஸ்கோப்பில் துருவ நட்சத்திரம் தெரிந்தால் இரண்டாம் வகையினருக்கும் பிரச்சினை தீர்ந்தது. செயலி காட்டும் கடிகார எண்ணில் அதைக் கொண்டுவந்து நிறுத்தத் திருகுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று மேல் கீழ், மற்றொன்று இடம் வலம். கேமராவை மாட்டிய பிறகு ஒருமுறை மறுபடியும் பாருங்கள்; பாரம் ஏறினால் டிரைபாட் சற்று அமுங்கும். தெரியாத இரவுகளுக்கு என்ன செய்வது? அங்கேதான் நான் சொல்ல வந்த செய்முறை. போன் காட்டும் வடக்கை முதல் மதிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் சூரியனையும் இரவில் நட்சத்திரத்தையும் வைத்து அதைத் திருத்துங்கள்.

பகலில் செய்வது நம் ஸ்தபதிகளுக்குப் பழக்கமான சங்கு முறை. கோவிலுக்கு நிலம் வகுக்கும்போது செங்குத்தாகக் கோல் நட்டு, அதைச் சுற்றி வட்டம் வரைந்து, காலையில் நிழலின் நுனி வட்டத்தை எங்கே தொடுகிறது, மாலையில் எங்கே தொடுகிறது என்று இரண்டு புள்ளி குறிப்பார்கள். அந்த இரண்டையும் சேர்த்தால் கிழக்கு மேற்கு. அதற்குச் செங்குத்தாக வரைந்தால் வடக்கு தெற்கு. இதில் காந்தம் இல்லை, இரும்பு கெடுப்பதில்லை. கோல் நிமிர்ந்திருந்து, நிழல் நுனியைக் கவனமாகக் குறித்தால் போனைவிடத் துல்லியமான வடக்கு கிடைக்கும். காலைக்கும் மாலைக்கும் காத்திருக்க முடியாதவர்களுக்குச் செயலி மறுபடி கைகொடுக்கும்: சூரியன் உச்சியைக் கடக்கும் சரியான நிமிடம் அதில் இருக்கிறது. அந்த நிமிடத்தில் விழும் நிழல் அப்படியே வடக்கு தெற்குக் கோடு. பண்ணைப்புரத்தில் இது ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் மட்டும் பயன்படாது. அந்த நாட்களில் சூரியன் உச்சிக்கு நேர் மேலே வந்து நிழலே இல்லாமல் போகிறது. வீட்டு மொட்டைமாடியில் ஒருமுறை இந்தக் கோட்டைப் பெயின்ட்டால் போட்டுவைத்துவிட்டால் வாழ்நாள் முழுக்கப் பயன்படும்.

இரவில் செய்வது நகர்வு பார்த்துத் திருத்துவது. கேமராவின் திரையில் ஒரு நட்சத்திரத்தைப் பெரிதாக்கி, டிராக்கரை ஓடவிட்டு, அந்த நட்சத்திரம் வடக்கே நகர்கிறதா தெற்கே நகர்கிறதா என்று சில நிமிடம் பார்க்க வேண்டும். கிழக்கு மேற்காக நகர்வதைக் கண்டுகொள்ள வேண்டாம். முதல் நட்சத்திரம் உச்சிக்கோட்டை ஒட்டி, வான நடுக்கோட்டுக்கு அருகே இருக்க வேண்டும். மாசி முன்னிரவில் ஓரியனின் இடைப்பட்டை நட்சத்திரங்கள் அதற்கென்றே நிற்கின்றன; நம் ஊரில் அவை தலைக்கு நேர் மேலிருந்து பத்து டிகிரி மட்டுமே தெற்கே. அந்த நட்சத்திரம் தெற்கே நகர்ந்தால் டிராக்கரின் அச்சு துருவத்துக்குக் கிழக்கே பார்க்கிறது, மேற்கே திருப்புங்கள். வடக்கே நகர்ந்தால் அச்சு மேற்கே இருக்கிறது, கிழக்கே திருப்புங்கள். அடுத்து, கிழக்கு வானில் தாழ்ந்திருக்கும் ஒரு நட்சத்திரம். அது தெற்கே நகர்ந்தால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே நகர்ந்தால் உயர்ந்திருக்கிறது. இந்த நான்கு வரியையும் ஓர் அட்டையில் எழுதிக் கேமராப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்குத் துருவ நட்சத்திரமே தேவையில்லை. வடக்கை மரம் மறைத்தாலும் மலை மறைத்தாலும், ஓரியனும் கிழக்கு வானும் தெரிந்தால் போதும்.

இதே வேலையை ஏஎஸ்ஐஏர் போன்ற கருவிகள் இன்று தாமாகவே செய்கின்றன. வானத்தின் ஏதோ ஒரு பகுதியைப் படமெடுத்து, அதிலுள்ள நட்சத்திரங்களை அடையாளம் கண்டு, அச்சு எவ்வளவு கோணல் என்று போன் திரையில் சொல்லிவிடுகின்றன. வசதி உள்ளவர்கள் வாங்கலாம். ஆனால் ஓரிரு முறை கையால் திருத்திப் பழகியவருக்குத்தான் அந்தத் திரை காட்டுவதன் பொருள் விளங்கும்.

துருவம் தாழ்ந்திருப்பதை ஒரு குறையாகவே இதுவரை பேசிவிட்டேன். அதையே ஆதாயமாக்கிக் காட்டிய ஒருவர் நம் தமிழ்நாட்டில் வேலை செய்திருக்கிறார். அவரைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

1960-களில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் கோவிந்த் ஸ்வரூப் பெரிய ரேடியோ தொலைநோக்கி ஒன்றைத் திட்டமிட்டார். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், பாதி வெட்டிய குழாயைப்போன்ற வளைவு. வானில் ஒரு பொருளைப் பல மணி நேரம் தொடர வேண்டும். அரை கிலோமீட்டர் நீள இரும்புச் சட்டகத்தை இரண்டு திசையிலும் திருப்பிக்கொண்டிருக்க முடியாது. டிராக்கர்போல ஒரே அச்சில் சுழன்றால் போதும் என்று இருக்க வேண்டும். அப்படியானால் அந்த 530 மீட்டர் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்ந்திருக்க வேண்டும். அவ்வளவு பெரிய சாய்வுமேடையை யார் கட்டுவது? அவர் மேடை கட்டவில்லை, மலையைத் தேடினார். வடக்கு தெற்காக ஓடி, அட்சரேகை எத்தனை டிகிரியோ அத்தனை டிகிரி சாய்ந்திருக்கும் ஒரு மலைச்சரிவு. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் அது கிடைத்தது. அங்கே அட்சரேகை 11 டிகிரிக்குச் சற்று மேல். சரிவும் ஏறத்தாழ 11 டிகிரி. சரிவின்மேல் வரிசையாக 24 பரவளையச் சட்டங்கள் எழுந்தன. அவற்றின் குறுக்கே 530 மீட்டர் நீளத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் 1,100 இழுத்துக் கட்டப்பட்டன. 1970இல் தொலைநோக்கி இயங்கத் தொடங்கியது. ஒரே அச்சில் திரும்பி ஒன்பதரை மணி நேரம் ஒரு பொருளைத் தொடரும்.

இங்கிலாந்தில் இதைக் கட்ட முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். ஐம்பது டிகிரி சாய்வுள்ள மலை என்பது ஏறக்குறையச் செங்குத்துப் பாறை. தாழ்ந்த அட்சரேகை இருந்ததால்தான் ஒரு சாதாரண மலைச்சரிவே உலகத் தரமான கருவிக்குப் பீடமாக அமைந்தது. இந்த மண்ணில் நடந்த போலார் அலைன்மென்ட்களில் என் மனதுக்கு மிக நெருக்கமானது இதுதான். மாணவர்கள் ஊட்டிக்குச் சுற்றுலா போனால், வாய்ப்புக் கிடைக்குமானால், அந்தச் சரிவைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

நம் வடக்கே பழனி மலைமேல் இருக்கும் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்திலும் இதே அச்சுத்தான் வேலை செய்கிறது. 1899இல் தொடங்கிய அந்த ஆய்வகத்தின் சுரங்கத் தொலைநோக்கிக்குச் சூரிய ஒளியை அனுப்பும் கோபுரக் கண்ணாடி, பூமியின் அச்சுக்கு இணையான அச்சில், 48 மணி நேரத்துக்கு ஒரு சுற்று வீதம் திரும்புகிறது. காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியின் தாங்கியைக் குதிரைலாட வடிவில் செய்ததும் தாழ்ந்த அட்சரேகையை மனதில் வைத்துத்தான். வடதுருவத்தை ஒட்டிய வானத்தையும் அதனால் தடையில்லாமல் பார்க்க முடிகிறது.

நம் சிறிய கருவிக்குத் திரும்புவோம். பத்து டிகிரி சாய்வில் டிராக்கர் ஏறக்குறையப் படுத்துவிடுகிறது. கேமராவும் எடைக்கல்லும் டிரைபாடின் நடுவை விட்டு வடக்கே தொங்கும். அதனால் டிரைபாடின் ஒரு கால் நேர் வடக்கே இருக்கட்டும். பாரம் அந்தக் காலின்மேல் இறங்கும், சாயாது. எடைக்கல் கம்பி சுழலும்போது அந்தக் காலில் இடிக்கிறதா என்று படம் எடுக்கும் முன்பே ஒரு முழுச் சுற்றுத் திருப்பிப் பார்த்துவிடுங்கள். ஆனி, ஆடிக் காற்றில் இந்தப் பள்ளத்தாக்கில் நெடிய லென்ஸைக் கொண்டு எதுவும் செய்ய முடியாது. ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று உங்கள் டிரைபாடை விட்டுவைக்காது. தை முதல் சித்திரை வரைதான் நமக்குப் பருவம்.

அந்தப் பருவத்தில் தெற்கே திரும்புங்கள். வட ஐரோப்பாவில் இருப்பவர் தம் ஊரிலிருந்து ஒருநாளும் பார்க்க முடியாத வானம் நமக்கு அங்கே திறந்திருக்கிறது. ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்து 32 டிகிரி உயரம் வரை ஏறுகிறது. தென்சிலுவையும் கரீனா நெபுலாவும் 20 டிகிரிக்கு வருகின்றன. பெரிய மெகல்லன் மேகம்கூட, தெற்கு அடிவானம் திறந்த இடத்தில், பத்து டிகிரிக்கு எழுகிறது. வடக்கே நாம் இழப்பது கொஞ்சம். தெற்கே பெறுவது நிறைய. இந்தப் படங்களை இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து நம் பிள்ளைகள் எடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

டிராக்கர் வாங்கப் பணத்துக்கு எங்கே போவது என்று மாணவர்கள் நினைக்கலாம். அவர்களுக்காக ஒன்று சொல்லி முடிக்கிறேன், அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். 1970-களில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஹேக் என்பவர் பரப்பிய எளிய கருவி இது. இரண்டு பலகை, ஒரு கதவுக் கீல், ஒரு மில்லிமீட்டர் புரிகொண்ட எம்6 திருகுக் கம்பி. கீலின் அச்சிலிருந்து 228.5 மி.மீ. தூரத்தில் கீழ்ப்பலகையில் நட்டைப் பதித்து, கம்பியின் நுனி மேல்பலகையைத் தூக்கும்படி செருகுங்கள். நிமிடத்துக்குச் சரியாக ஒரு சுற்று வீதம் கையாலேயே திருப்பினால் மேல்பலகை வானத்தின் வேகத்தில் திறக்கும். வடக்கே பார்த்து நிற்கும்போது கீல் உங்கள் இடக்கைப் பக்கம், மேற்கே, இருக்க வேண்டும்; கிழக்கு ஓரம் மேலே எழ வேண்டும். கீலில் ஆட்டம் இருக்கக் கூடாது. தச்சுப் பட்டறையில் சொல்லி இறுக்கமான கீலாகப் போடச் சொல்லுங்கள். கீலின் நீளவாட்டில் போனை ஒட்டிவைத்துச் சாய்வு பத்து டிகிரி வரும்வரை அடியில் ஆப்பு கொடுங்கள். வடக்குக்கு மொட்டைமாடியில் போட்ட நிழல் கோடு இருக்கிறது. 24 மி.மீ. லென்ஸ், ஒரு நிமிடம். கம்பியைத் திருப்பும் விரல் மேல்பலகையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.